பதினேழுக்கு மேலே

எங்கள் குவியலுக்கு எண் நாற்பத்தொன்று.
சுண்ணாம்பில் எழுதியதை முதல் தூறலே கழுவிக்கொண்டு போனது.
பிறகு என்னைத்தான் அடையாளம் வைத்தார் அப்பா:
"எம்மவ உக்காந்திருக்கு பாருங்க, அதான் நம்ம நெல்லு."

ஐப்பசி. மன்னார்குடி சாலை,
பாமணியாற்றுக்கு இந்தப் பக்கம்.
கொள்முதல் நிலையம் என்றால் ஏதோ கட்டடம் என்று நினைக்காதீர்கள்.
ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு,
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அதில் உட்கார்ந்து "சாக்கு வரல" என்று சொல்ல ஒருவர்.
மற்றதெல்லாம் நெல்.
சுடுகாட்டு மதில் வரைக்கும் நெல்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு அம்மை போட்டிருந்தது.
அப்படித்தான் டீச்சரிடம் சொல்லியிருந்தான்
அண்ணன் இளஞ்சேரல்.

தினமும் காலையில் ஒரு கைப்பிடி நெல்லை
டப்பாவில் போட்டு மூடுவார் நாற்காலிக்காரர்.
பெட்டி கொஞ்ச நேரம் யோசிக்கும்.
பத்தொன்பது புள்ளி நாலு.
"பதினேழுக்கு வரட்டும், பாக்கலாம்."
தார்ச்சாலையில் பரப்புவோம். டவுன் பஸ் ஏறிப்போகும்.
மேகம் கறுக்கும். அள்ளுவோம்.
மறுநாள், இருபது.

என் அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அம்மா கணக்கு எழுதியிருந்தாள்:
பெல்ட் வண்டி நாலு மணி நேரம்
உரக்கடை தனராஜ்
சொசைட்டி
படுதா வாடகை
குழு – வியாழன்

வியாழக்கிழமை மட்டும் அம்மா
விடிவதற்குள் குவியலுக்கு வந்துவிடுவாள்.
இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போவாள்.
எனக்குத் துணைக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.
சாலையில் பைக் சத்தம் கேட்டால்
படுதாவைச் சரிசெய்வது போல
அந்தப் பக்கம் குனிந்துகொள்வாள்.

தீபாவளி ராத்திரி
ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரே ஒரு ராக்கெட் கிளம்பியது.
குவியல் காத்திருந்த எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.
அந்த வெளிச்சத்தில் மேகம் எவ்வளவு இருக்கிறது என்று.

அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.
குளிருக்கு நெல்லுக்குள் காலை விட்டால்
முழங்கால் வரைக்கும் இதமான சூடு,
அடுப்பை அணைக்காமல் யாரோ உள்ளே
எழுந்துபோன மாதிரி.
"அப்பா, உள்ள சுடுதுப்பா!
நீங்களும் காலை விட்டுப் பாருங்க!"

அப்பா காலை விடவில்லை.
முழங்கை வரைக்கும் கையை விட்டார்.
அள்ளிய பிடியை முகர்ந்து பார்த்தார்.
அப்புறம் மண்வெட்டியைத் தேடினார்.
விடிய விடியக் குவியலைப் பிரித்துப் போட்டோம்,
நான் டார்ச் பிடிக்க,
அவர் என்னைத் திட்டவும் இல்லை, பேசவும் இல்லை.
காலையில் அடி நெல்லெல்லாம்
வெள்ளையாய் வால் விட்டிருந்தது.
பக்கத்துக் குவியல் ரெத்தினசபாபதி வந்து எட்டிப் பார்த்தார்:
"வெதச்சப்ப மொளைக்காததெல்லாம்
இங்க வந்து மொளைக்குது பாரு கலியமூர்த்தி."
அவர் குவியலும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.

பதினோராம் நாள் சாக்கு வந்தது.
ஒன்பது மா நிலத்தில் அறுபத்திரண்டு மூட்டை.
நாற்பத்தெட்டு எடுத்துக்கொண்டார்கள்.
மிச்சம் கோழித் தீவனத்துக்கு,
லாரிக்காரன் சொன்ன விலைக்கு.
மூட்டைக்கு ஐம்பது ரூபாய் வீதம்
அப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.
மழையில் நனைந்து ஒட்டிப்போன நோட்டுகள்.
அதற்கு மட்டும் ஈரப்பதம் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் போனேன்.
என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மங்கையர்க்கரசி டீச்சர்.
நெல்லுச் சுணை தடித்து, சொறிந்து சொறிந்து
தோள் வரைக்கும் சிவப்புப் புள்ளிகள்.
"ரொம்பப் போட்டிருச்சு போலிருக்கே," என்றார்.
"இன்னும் ரெண்டு நாள் தள்ளியே உக்காரு."

கடைசி பெஞ்சில் நான் மட்டும்.
கணக்கு நடந்துகொண்டிருந்தது.
கரும்பலகையின் மூலையில், தேதிக்குக் கீழே
வியாழன் என்று எழுதியிருந்தது.
இன்றைக்கு அம்மா எங்கே போயிருப்பாள்
என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.